ஷோகேஸ் போட்டோவில் இருந்த வாத்து

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஆரம்பித்தது இது. ஷோகேஸில் இருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷமாக, வாடகை வீடு மாறும்போதெல்லாம் துணி சுற்றி மடியில் வைத்துக் கொண்டு போன படம். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுவேன். அன்றைக்கு அதை உற்றுப் பார்க்காமல் விட்டிருந்தால், நான் ரொம்ப நல்லவள் என்ற நினைப்பிலேயே மிச்சக் காலத்தையும் ஓட்டியிருப்பேன்.

போட்டோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் தோழியும் காலேஜில் மாணவர் படைக் கேடட்டுகள், வான் பிரிவு. தாம்பரத்தில் படித்தவர்களுக்குத் தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் சுற்றுவது காக்கா பறப்பது மாதிரி. எங்களுக்கு நிஜ விமானத்தை யாரும் தொடக்கூட விடவில்லை. மாடல் விமானம் கொடுத்தார்கள். பால்சா என்ற லேசான மரக்கட்டையில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசிக் காயவைத்தால் விமானம். மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குட்டி என்ஜின். அதற்கு ஊற்றுகிற எண்ணெயில் ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்திருக்கும். அந்த வாசனையோடு மின்சார ரயிலில் ஏறினால், உட்கார இடம் தானாகக் கிடைக்கும்.

இந்த வகை விமானத்தில் ரிமோட் கிடையாது. இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் ஐம்பது அடி நீளத்துக்கு வரும். கம்பிகளின் முனையில் ஒரு கைப்பிடி. ஓட்டுபவர் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவில் நிற்க வேண்டும். விமானம் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், அவரும் கூடவே சுற்ற வேண்டும். கைப்பிடியைப் பின்னால் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டு, விமானத்தின் வாலில் இருக்கும் சின்ன மடல் மேலே தூக்கும், விமானம் ஏறும். முன்னால் சாய்த்தால் மடல் கீழே போகும், விமானம் இறங்கும். சமாச்சாரம் அவ்வளவுதான்.

ஓட்டுபவர் ஒருத்தர், விமானத்தைத் தரையில் பிடித்துக்கொள்பவர் ஒருத்தர் என்று இரண்டு பேர் வேண்டும். என் தோழி ஓட்டுவாள், நான் பிடிப்பேன். கம்பிகளை விமானத்தில் கொக்கி போட்டு மாட்டுவதும் என் வேலை. கைவிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. நடுவிலிருந்து அவள் கைப்பிடியைப் பின்னால் சாய்ப்பாள். நான் வாலைப் பார்த்து, மடல் மேலே போனால் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்பதால், மேல் முனையில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தாள். காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரிதான்.

எங்கள் விமானத்துக்கு 'வாத்து' என்று பெயர். தடித்த இறக்கை, பெட்டி மாதிரி உடம்பு. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். அதில் முக்கால்வாசி என் தோழி செய்தது. அவள் வீட்டில் மேற்குத் தாம்பரத்தில் குஷன் கடை வைத்திருந்தார்கள், இப்போதும் இருக்கிறது. துணியையும் காகிதத்தையும் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுவது அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. நான் ஒட்டினால் இறக்கை அப்பளம் மாதிரி ஆகும். அதனால் எனக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை.

கடைசி வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். அதற்காக ஐந்து மாதம் தினமும் மாலையில் மைதானமே கதி என்று கிடந்தோம். அவள் தேறுவாள் என்று எல்லாரும் சொன்னார்கள். தேர்வு நாளன்று அவள் கைப்பிடியைச் சாய்த்துக் காட்டினாள், நான் கட்டை விரல் காட்டினேன், விமானத்தை விட்டேன். வாத்து ஓடி, ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. அடுத்த நொடி மூக்கைத் தரையில் குத்திச் சுக்குநூறாகப் போனது. என்ஜின் மட்டும் தனியே உருண்டு என் காலடிக்கு வந்தது.

அவள் கைப்பிடியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள் என்று முடிவாயிற்று. பயிற்சியாளர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்குள் அவள் கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்திருந்தாள். கம்பியெல்லாம் சிக்கலாகிக் கிடந்தது. பக்கத்து அணிப் பையன்கள், பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எது மேல் எது கீழ் என்று தெரியாது என்று சிரித்தார்கள். நான் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "விடுடி, யாருக்கும் வரும்" என்று ஆறுதல் சொன்னேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு.

அவள் அதற்குப் பிறகு கைப்பிடியைத் தொடவே இல்லை. படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, கடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். எங்கள் சிநேகம் மட்டும் விட்டுப்போகவில்லை. நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பொங்கல் பானை அந்தப் பக்கம் போகும். வாத்துக் கதை எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகிவிட்டது. எனக்குத்தான் அது வேடிக்கை என்பது பிறகு தெரிந்தது. அவள் மூத்த மகள் கல்யாணத்தில், பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம், "உங்க சம்பந்தியம்மாகிட்ட எது குடுத்தாலும் எது மேலே எது கீழேன்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லி மொத்தக் கதையையும் எடுத்துவிட்டேன். பந்தியே சிரித்தது. அவளும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள்.

இப்போது ஆடி மாதத்துக்கு வருகிறேன். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போவேன். அங்கே நடக்க வருகிற ஒரு ரிட்டயர்டு என்ஜினியர் சார், கம்பி விமானம் விடுகிற ஒரு குழுவில் இருந்தார். தை மாதம் பெருங்களத்தூர் தாண்டி ஒரு காலேஜ் மைதானத்தில் அவர்கள் போட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். அதில் பழைய மாடல்களுக்கு மட்டும் ஒரு பிரிவு. விமானத்தின் வடிவம் முப்பது வருஷத்துக்காவது முந்தியதாக இருக்க வேண்டும், அதற்குப் பழைய வரைபடமோ போட்டோவோ காட்ட வேண்டும், பறக்கவிடுகிற அணியே தன் கையால் செய்திருக்க வேண்டும். இருவர் அணி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று தோழிக்கு போன் போட்டேன்.

அவள் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் ஓட்டலாமாடி?" என்று கேட்டாள். நீதான் ஓட்டணும் என்றேன்.

எந்த விமானம் என்பதில்தான் எல்லாமே இருந்தது. என்ஜினியர் சார் இரண்டு வழி சொன்னார். வெளிநாட்டுப் பழைய வரைபடம் ஒன்று அவரிடம் இருந்தது. கூர்மையான மூக்கு, மெல்லிய இறக்கை, பார்த்தால் சண்டை விமானம் மாதிரி. அதற்கு 'அழகன்' என்று பெயர் வைத்தோம். இல்லையென்றால் எங்கள் வாத்தையே திரும்பச் செய்யலாம், போட்டோ இருந்தால் போதும் என்றார். "அழகன் நாலு செகண்ட்ல ஒரு ரவுண்டு முடிச்சிடும் மேடம். நம்ம வயசுக்குத் தலை சுத்தும். வாத்து ஆடி அசைஞ்சு ஆறு செகண்ட் எடுத்துக்கும். யோசிச்சுக்குங்க." யோசிக்க ஒன்றுமே இல்லை. வாத்துதான் என்று போனில் அவளும் நேரில் நானும் ஒரே குரலில் சொன்னோம்.

அன்று மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. உன் வீட்டு ஷோகேஸில் இருக்கிற போட்டோவைப் படம் எடுத்து அனுப்பு, இறக்கையில் எத்தனை எலும்பு என்று எண்ண வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை போட்டோவைத் துடைத்தேன்.

தேர்வு நாளன்று, வாத்தை விடுவதற்குச் சற்று முன்னால், காலேஜ் மலருக்காக எடுத்த படம் அது. முன்னால் நான் மண்டியிட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். காமிராவைப் பார்த்து வாயெல்லாம் பல். ஒரு கை கட்டை விரலைத் தூக்கிக் காட்டும். பின்னால் தூரத்தில் என் தோழி, கட்டை விரல் அளவுக்கு. செல்போனில் பிடித்து, இறக்கையைப் பெரிதாக்கி எண்ண ஆரம்பித்தேன். விரல் வழுக்கிப் படம் வால் பக்கம் நகர்ந்தது. மடல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மெதுவாகத் தோழி பக்கம் நகர்த்தினேன். அவள் கையை நன்றாகத் தூக்கி, மணிக்கட்டைப் பின்னால் சாய்த்திருந்தாள். முஷ்டிக்கு மேலே குறுணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிளாஸ்திரி. அது மேலேதான் இருந்தது.

 கைப்பிடியை அவள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். மேலே போகச் சொல்லித்தான் சாய்த்திருக்கிறாள். மடல் கீழே போயிருக்கிறது. கைப்பிடிப் பக்கம் கம்பிகளைக் கழற்றவே மாட்டோம். அப்படியானால் விமானத்துப் பக்கம் கொக்கிகளை மாற்றி மாட்டியிருக்கிறது யார் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றி மாட்டியதாவது போகட்டும், அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தச் சோதனை? வாலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு, எல்லாம் சரி என்று விரல் காட்டியிருக்கிறேன். என் தப்புக்கு ஒரு சாட்சியைச் சட்டம் போட்டு மாட்டி, முப்பத்தாறு வருஷம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நியாயமாக அப்போதே அவளுக்கு போன் செய்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டோவைத் திரும்ப ஷோகேஸில் வைத்து, முன்னால் ஒரு தஞ்சாவூர் பொம்மையை நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் அவள் கேட்டபோது, "போட்டோ கண்ணாடில ஒட்டிக்கிச்சுடி, எடுத்தா கிழிஞ்சிடும் போல" என்று சொன்னேன். கண்ணாடியோடேயே படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். வெளிச்சம் அடிக்கிறது என்றேன். அதற்கு மேல் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அழகனையே செய்யலாம் என்று ஆரம்பித்தேன். வாத்துக்கு மூக்கு கனம் என்றேன். தடித்த இறக்கை காற்றில் ஆடும் என்றேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு லட்சணம் வேண்டாமா என்றேன். எல்லாமே பொய் என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் என்ஜினியர் சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாத்து கூடாது என்பதற்கு ஒரு நாளைக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஆபீசில் கிளெய்ம் தள்ளுபடி செய்வதற்குக்கூட நான் இவ்வளவு மூளையைச் செலவழித்ததில்லை.

என் வீட்டுக்காரர், "அந்த அம்மா பாவம், வாத்துன்னு ஆசையா இருந்தாங்களே" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

பதினோரு நாள் இப்படியே போனது. அவளும் கடைசியில், சரி, உன் இஷ்டம் என்று இறங்கி வந்துவிட்டாள். அழகனின் வரைபடத்தைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து, நாலு மூலைக்கும் டம்ளர் வைத்தோம். அவள் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள், பென்சிலை எடுக்கவில்லை.

"அழகாத்தான்டி இருக்கு," என்றாள். "ஆனா எனக்கு வாத்துதான் வேணும்னு இருந்துச்சு. பிரைஸ் எல்லாம் வேணாம். அதையே வச்சி ஒரே ஒரு தடவை சரியா ஓட்டிட்டா போதும்னு நினைச்சேன்."

நான் ஒரு மூலை டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

"நான் ஏன் இன்னும் ஸ்கூட்டி ஓட்டலன்னு தெரியுமா உனக்கு? என் பொண்ணுங்க ரெண்டு பேரும் சொல்லிக் குடுக்குறேன்னு நின்னாங்க. மாட்டேன்னுட்டேன். கேஸ் மூடினேனான்னு மூணு தடவை போய் பாக்குறேன். கடையில துணி வெட்டுறதுக்கு முன்னாடி நல்ல பக்கம் எதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கத்திரியைத் தொடுவேன். இருபது வயசுல மேலே கீழே தெரியாம போச்சே, இனிமே என்ன தெரியப்போகுதுன்னு ஒரு இது." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கல்யாணப் பந்தியில் சிரித்த அதே சிரிப்பு. "சரி விடு, அழகனையே வரையலாம்."

அன்று சொல்லிவிட வாய் வரை வந்தது. சொல்லவில்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து போய், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். திரும்பி வந்ததும், கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். காபிக்கு யார் வெங்காயம் நறுக்குவார்கள் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை போட்டோவைச் சட்டத்தோடு எடுத்து, ஒரு கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் கூட்டம் இடித்துத் தள்ளியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். உடைந்துபோனால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்காமல் சொல்கிறேன்.

கடையில் அவள் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய சோபாவிலிருந்து பின்களைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் தையல் மெஷினில் இருந்தார். போட்டோவை அவள் மடியில் வைத்தேன். செல்போனில் பெரிதாக்கி வைத்திருந்த இரண்டு படங்களையும் காட்டினேன். வால் இது, உன் கை இது, என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் வாலைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் பார்த்தாள். செல்போனைக் கண்ணருகில் கொண்டு போனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டே கொண்டு போனாள். அந்த வெள்ளைப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். விரல் பட்டதும் படம் நகர்ந்துவிட்டது. திரும்பவும் அதைத் தேடிக் கொண்டுவந்தாள்.

"பிளாஸ்திரி மேலேதான் இருக்கு," என்றாள்.

ஆமாம் என்றேன். எப்போது பார்த்தாய் என்று கேட்டாள். சொன்னேன். பதினோரு நாளா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் குறடை எடுத்து, சோபாவில் இன்னும் மூன்று பின்களைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். பிறகு தலை நிமிராமல், "நீ கிளம்புடி. எனக்கு வேலை இருக்கு" என்றாள். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது.  போட்டோவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போன் இல்லை, செய்தி இல்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? ஷோகேஸில் சட்டம் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. தஞ்சாவூர் பொம்மை அதற்குப் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்கரைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அந்த நாட்களில் எனக்குப் பழசெல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. என்ஜினைச் சுண்டிவிடும்போது காற்றாடி பட்டு வீங்கிய அவள் விரல்கள். மைதானத்திலிருந்து திரும்பும்போது ஆளுக்கொரு பக்கம் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்த சாயங்காலங்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது அவள் ஊதிக்காட்டுவாள், காகிதம் அதிரும். அவள் ஓட்டி நான் பார்த்த கடைசி நாள் அந்தத் தேர்வு நாள்தானே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒரு ஜோடிக் கொக்கியைச் சரியாக மாட்டியிருந்தால் அவள் அணிக்குப் போயிருப்பாள். அதற்கப்புறம் என்னவெல்லாம் ஆகியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் செய்தி வந்தது. பால்சா கட்டையில் வெட்டிய இறக்கை எலும்புகளை வரிசையாக அடுக்கி எடுத்த படம். தடித்த எலும்புகள். கீழே, "எண்ணிட்டேன். பதினொண்ணு. ஒட்ட வா" என்று எழுதியிருந்தாள்.

போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்தேன், அவள் கையமர்த்தினாள். "கொக்கி மாத்தி மாட்டுனதுக்கு எனக்குக் கோபம் இல்லடி. அவசரத்துல யாருக்கும் வரும். கல்யாணத்துல சொன்னே பாரு, அது வலிச்சுது. ஆனா அப்ப உனக்குத் தெரியாது. போட்டோ கண்ணாடில ஒட்டிக்கிச்சுன்னே பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியல." நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  அவள் பசை பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.

ஐந்து மாதம் அந்தக் கடையின் பின்னறையில் வாத்து வளர்ந்தது. காகிதத்துக்குப் பதிலாகக் கடையில் இருந்த மெல்லிய பட்டுத் துணியை அவளே இழுத்து ஒட்டினாள். எனக்கும் ஒரு பக்கம் ஒட்டக் கொடுத்தாள், அது வழக்கம்போல அப்பளமாயிற்று, பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டினாள். துணி வெட்டும்போது நல்ல பக்கம் எது என்று யாரையும் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன், அவள் வீட்டுக்காரரும் கவனித்தார். என்ஜினை மட்டும் என்ஜினியர் சார் இரவலாகக் கொடுத்தார். கொக்கி மாட்டும் இடத்தில், ஒரு கம்பிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், இன்னொன்றுக்குப் பச்சை என்று நான் பூசி வைத்தேன். அவள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைப்பிடியில் புதிய பிளாஸ்திரியைச் சுற்றினாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மைதானத்தில் ஒன்பது அணிகள். நாங்கள் இருவர்தான் பெண்கள், எங்கள் வாத்துதான் இருந்ததிலேயே அவலட்சணம். வாட்ச்மேன் ஒருவர் கம்பியை நாங்கள் பிரிப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, கவுறு கட்டிக்கினு எப்டி பறக்கும்?" என் தோழி, "கட்டுனாத்தான் அண்ணா இது பறக்கும்" என்றாள். போட்டோவை நடுவர் மேஜையில் அவளே கொண்டு போய் வைத்தாள். நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்து, அதேதான் என்று கையெழுத்துப் போட்டார். வாலை அவர் கவனிக்கவில்லை. பிறகு கம்பி தாங்குமா என்று தராசு வைத்து இழுத்துப் பார்த்தார்கள், தாங்கியது.

எங்கள் முறை வந்தது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். நான் மண்டியிட்டு வாத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் காற்றாடியைச் சுண்டியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. புகை முகத்தில் அடித்தது. அதே ஈதர், அதே விளக்கெண்ணெய். ஐம்பத்தாறு வயசு முட்டி வலித்தது, கண்ணில் நீர் வந்தது, புகையாலும்தான்.

அவள் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து எனக்கு இடது பக்கத்திலிருந்து யாரோ, "மேடம், இங்க பாருங்க, ஒரு போட்டோ" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. கழுத்தை நீட்டி, கன்னம் இறக்கையில் படுகிற அளவுக்குக் குனிந்து வாலைப் பார்த்தேன். மடல் மேலே போனது. கையை ஆட்டி, இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். முன்னால் சாய்த்தாள், கீழே வந்தது. மறுபடி மேலே. மூன்றாவது தடவையும் பார்த்த பிறகுதான் கட்டை விரலைத் தூக்கினேன்.

என்ஜின் சத்தத்தையும் மீறி அவள் கத்தினாள். "பாத்தியா?"

"பாத்தேன்டி. மேலேதான்."

கைவிட்டேன். வாத்து புல்லில் குலுங்கிக் குலுங்கி ஓடியது. எழும்பியது. ஓர் ஆள் உயரத்துக்கு வந்தது. அவள் மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தாள். வாத்து மேலே போனது.

மேலே, இன்னும் மேலே. பிறகு சமமாகி, அவளைச் சுற்றி வர ஆரம்பித்தது. ஆறு செகண்டுக்கு ஒரு சுற்று. அவளும் கூடவே நிதானமாகச் சுற்றினாள், கண் விமானத்தை விட்டு அகலவில்லை. பத்துச் சுற்றுக்கு மேல் நான் எண்ணவில்லை. நடுவில் ஒரு தடவை துணிந்து விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி ஒரு முழு வளையம்கூட அடித்தாள். எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றதும், சத்தமில்லாமல் இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தது.

அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போனேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். சுற்றுகிறது என்றாள். கைப்பிடியை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "மேலேன்னா மேலேதான்டி போகுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் அந்த மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில்லாமல் அழுதோம். ஒன்பது அணிகளில் ஆறாவதாக வந்தோம். அழகனின் வரைபடத்தை எடுத்துச் செய்த வேறோர் அணிக்கு இரண்டாம் பரிசு.

இப்போது அவள் ஸ்கூட்டி கற்றுக்கொள்கிறாள். இரண்டாவது வாரமே பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் ஒரு வேலியில் கொண்டு போய் விட்டாள். முட்டியில் சிராய்ப்பு. விழுந்த இடத்திலிருந்தே எனக்கு போன் செய்து, "இது முழுக்க என் தப்புதான்டி, நீ போட்டோவெல்லாம் தேடாதே" என்று சொல்லிச் சிரித்தாள். இது கல்யாணப் பந்தியில் சிரித்த சிரிப்பு இல்லை.

பழைய போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன், பொம்மையை நகர்த்திவிட்டேன். பக்கத்தில் இன்னொரு படமும் இருக்கிறது. மைதானத்தில் என்னைக் கூப்பிட்டாரே, அவர் அனுப்பியது. அதில் என் முகம் இல்லை. நரைத்த பின்னந்தலையும் ஒரு கிளிப்பும்தான் தெரிகின்றன. ஆனால் வாலின் மடல் மேலே இருப்பது நன்றாகத் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் நீங்கள் எங்கே என்று கேட்கிறார்கள். என் தோழியை நான் சரியாகப் பார்த்த நாளில் எடுத்த படம் அதுதான் என்று சொல்ல நினைப்பேன், ஆனால் காபி எடுத்துவர எழுந்து போய்விடுவேன்.